பேர் உட்காரும் இடம்

இதில் இரண்டு பேருடைய பெயர் வராது. ஒன்று எனக்குக் களி போட்டவருடையது. எழுதக் கூடாது என்று சொன்னவர் அவர். அந்தப் பேச்சை ஒரு தடவை கேட்காமல் போனது போதும். மற்றது என்னுடையது. அதை நான் எழுதாததற்குக் காரணம் அடக்கம் அல்ல, பயம். படித்துக்கொண்டே வந்தால் தெரிந்துவிடும்.

'அவர்' என்று எழுதுகிறேனே, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நான் அவரை 'நீ' என்றுதான் சொன்னேன். எனக்கு இருபத்து மூன்று வயது, அவருக்கு ஐம்பதுக்கு மேல். "ஒரு உருண்டை போதும், குழம்பு கொஞ்சம் ஊத்து" என்பேன். எங்கள் தெருவில் எல்லாரும் காலனிப் பெண்களிடம் அப்படித்தான் பேசினார்கள், நானும் பேசினேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியதால் நாக்கு ஒன்றும் திருந்திவிடவில்லை. அக்கா என்றோ அம்மா என்றோ ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. இப்போது காகிதத்தில் மரியாதை கொடுப்பது சுலபமாக இருக்கிறது, எதிரில் அவர் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே கடலைக் கொல்லைகளை வாங்கிச் சமன்செய்து ஒரு பேக்டரி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டடக் கான்ட்ராக்டரிடம் டைம் கீப்பர். பொன்னேரியிலிருந்து காலை பாசஞ்சரில் வந்து இறங்கி, கேட்டில் நிற்கிறவர்களை மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விடுவது என் வேலை. பெயர் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை உண்டு. கூப்பிடாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான். போன வருஷம்வரை அதே கொல்லையில் களை எடுத்துக் கடலை பறித்த பெண்கள், இப்போது சித்தாளாகக் கலவை சுமந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே பனையோலைக் கொட்டகை போட்டு அவர் மத்தியானச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். சோறு என்றால் கேழ்வரகுக் களிதான். அதற்கு ஒரு குழம்பு, ஒரு துவையல். பழவேற்காட்டிலிருந்து கூடைக்காரிகள் வந்தால் மடவை மீன் இருக்கும். மழை விட்ட மாதங்களில் இறால் மலிந்து வரும், அதை முருங்கைக்கீரையில் போட்டுப் புரட்டி எடுப்பார். மீன் வராத நாளில் கருவாடும் கத்தரிக்காயும். எதை எதோடு தின்ன வேண்டும் என்பதில் மகா பிடிவாதம். புளிச்சக்கீரை கடைந்த நாளில் யாராவது கருவாடு கேட்டால், "இன்னிக்கு கீரைக்கு மரியாத குடு, கருவாடு நாளைக்கு வந்தாலும் கோச்சிக்காது" என்று அனுப்பிவிடுவார். குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் பாட்டை எடுப்பார்.

பாட்டு களிக்காக. பானையைக் கவைக்கொம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் துடுப்பைப் போட்டுக் கிண்டும்போது ஆறு வரி பாடுவார். ஐந்து வரி ஓடி ஆறாவது வரும்போது மாவு இறுகித் துடுப்பு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே இறுகினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அவரோடு பத்துப் பதினோரு பெண்கள், களிக்கு வந்து உட்கார்ந்தவர்கள், பின்பாட்டுப் பாடுவார்கள். கொட்டகைக்குள் புகை, கருவாட்டு வாசனை, பாட்டு, எல்லாம் ஒன்றாகத்தான் மண்டும்.

நான் அதற்கு அடிமையாகிவிட்டேன். அம்மா கட்டிக் கொடுக்கும் தயிர்சாதத்தை ஸ்டேஷன் நாய்க்குப் போட்டுவிட்டு ஓலைக் கொட்டகைக்கு ஓடுவேன். சாயங்காலம் ஏலக்காய் மென்று வாசனையைக் கொன்றுவிட்டு ரயில் ஏறுவேன். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், தயிர்சாதம் தின்றே பிள்ளை சதை போடுகிறானே என்று.

ஆனால் வரிசையில் உட்காரவில்லை. அவர் கொட்டகையில் ஒரே ஒரு சட்டம்தான்: வந்தவர் எல்லாரும் தரையில் ஒரே வரிசையாக உட்கார வேண்டும், கொத்தனார், சித்தாள், லாரிக்காரர், யாராக இருந்தாலும். நான் தட்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றபடியே தின்பேன். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். முதல் சில நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள், கலவை சுமக்கிற இரும்புப் பாண்டு ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து, வரிசையின் கடைசியில் போட்டு வைத்திருந்தார்.

"தரையில குந்தறதுக்குக் கூச்சமா இருந்தா இதும்மேல குந்து நைனா. பேன்ட்டு அழுக்காவாது."

"பரவாயில்லை, இப்படியே தின்னுடறேன்."

"நின்னுகினு துன்னா ஒடம்புல ஒட்டாது."

அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் பாண்டு தினமும் அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. வேறு யாரையும் அதன்மேல் உட்கார விடவில்லை.

அவருடைய பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று விளங்காது. எல்லாம் ஆறே வரி. முதல் நாலு வரியில் ஒரு அநியாயத்தைச் சொல்வார்கள், செய்தது யாரென்று கேட்பார்கள். ஐந்தாவது வரியில் அந்த ஆளின் பெயர் வரும். ஆறாவது வரி எந்தப் பாட்டிலும் மாறாது. கொல்லைக்காரர் ஒருவரைப் பற்றிய பாட்டு இது:

மண்ணுக்குள்ள தங்குன கடல
மகராசனுக்குக் கணக்காமே
பொறுக்கித் துன்னா குத்தமுன்னு
பூட்டுப் போட்ட ஆளு யாரு?
ஏகாம்பரமே, வந்து குந்து,
எங்க களி ஒருவாய் துன்னு.

அறுபதுகளில் நடந்தது அது. கடலை பறித்து முடிந்த கொல்லையில் மண்ணுக்குள் தங்கிவிடும் கடலையைக் கூலிப் பெண்கள் பொறுக்கிக்கொள்வது ஊர் வழக்கம். அந்தக் கடலையை வறுத்து, மிளகாயும் புளியும் வைத்து அரைத்த துவையல்தான் அவர்களுக்குக் களிக்குத் தொடுகறி. ஒரு வருஷம் ஏகாம்பரம் என்கிற கொல்லைக்காரர் பொறுக்கக் கூடாது என்று காவல் போட்டுவிட்டார். களி போட்ட இவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பாட்டில் பெயர் வைத்தார். நடவுக்குப் போன ஊரிலெல்லாம் அது பாடப்பட்டது. ஏகாம்பரத்தின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட, "நீங்கதானா அந்தப் பாட்டுல வர்ற ஏகாம்பரம்?" என்று கேட்டார்களாம்.

மறு வருஷம் ஒரு மத்தியானம், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஏகாம்பரம் காலனிக்கு வந்தார். இவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். தன் கொல்லைக் கடலையிலேயே அரைத்த துவையலை வைத்து ஒரு உருண்டைக் களி தின்றார். "கொஞ்சம் உப்பு கம்மி" என்று வேறு சொன்னாராம். காவல் போனது. அன்று சாயங்காலமே இவர் பாட்டிலிருந்து ஏகாம்பரத்தின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'ஊரு சனமே' என்று போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு அப்படித்தான். ஊர் ஜனம் முழுவதையும் சாப்பிடக் கூப்பிடுகிற பாட்டு.

பெயர் வைப்பவர்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுக்கக் கூடாது. அதற்கு ஆள் நேரில் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தின்ன வேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் தேவையில்லை. இதை எனக்குச் சொன்னது கன்னியம்மா, பின்பாட்டுக்காரிகளில் குரல் பெரியவள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவளாவது என்னோடு ஒத்த வயது, ஒருமையில் எழுதுகிறேன்.

எனக்கு இதெல்லாம் அதிசயமாக இருந்தது. வாரப் பத்திரிகைக்கு எழுதிப் போடலாம், பெயர் அச்சில் வரும் என்று ஆசை. "இதையெல்லாம் எழுதி வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "வேணாம் நைனா. வாயில இருந்தா, அவன் திருந்தி வந்தா பேரை எறக்கி வுட்டுடலாம். காயிதத்துல குந்த வெச்சா அவன் எப்டி எழுந்து வருவான்?"

"நல்ல பாட்டு, மறந்து போயிடாதா?"

"பாட்டு மறக்காது. பேருதான் மறக்கணும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, தகரக் கொட்டகைக்குப் போய், மஸ்டர் ரோலின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். தினமும் ஒன்று. பாட்டோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எந்த வரியை யார் எடுக்கிறார்கள், பின்பாட்டு யார் யார் என்று ஓரத்தில் பெயர்களையும் குறித்தேன். வருகைப் பதிவு எழுதி எழுதி வந்த புத்தி. ஒருவர் வாயைத் திறந்தால் அவர் பெயரைக் குறிக்காமல் எனக்குக் கை சும்மா இருக்காது.

அந்த வருஷம் கோடையில் முதல் மாடித் தளம் போட்டார்கள். தளம் போடும் நாளில் கலவை நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் காய்ந்து ஒட்டாமல் போகும். சித்தாள்களை வேலை வாங்கும் கோவிந்தன் மேஸ்திரி அன்று பெண்கள் யாரையும் நகர விடவில்லை. வேப்பமரத்தில் தூளிகள் தொங்கின, குழந்தைகள் அழுதன. கன்னியம்மா மூன்று தடவை கேட்டாள். "தளம் முடியட்டும், அப்பறம் பால் குடு, புள்ள எங்கயும் ஓடிப் பூடாது" என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். கடைசியில் அவள் போய்ப் பார்த்தபோது தூளியில் செவ்வெறும்பு ஏறியிருந்தது. குழந்தையின் காதும் கண்ணிமையும் வீங்கி, அழுது அழுது குரல் போய், வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், நூறு அடி தூரத்தில் பதிவேடோடு நின்றிருந்தேன்.

அவர் கொட்டகையிலிருந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். விளக்கெண்ணெய் தடவினார். பாடவே இல்லை. மறுநாள் களி கிண்டும்போதுதான் பாட்டு வந்தது:

தூளியில புள்ள அழுது
தூணு மட்டும் வளருதடி
பாலு கட்டி மாரு நோவுது
பாத்துக்கினு நின்னது யாரு?
கோவிந்தனே, வந்து குந்து,
எங்க களி ஒருவாய் துன்னு.

'பார்த்துக்கொண்டு நின்றது யார்' என்ற இடத்தில் நான் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். என் பெயர் வரவில்லை. பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு வேலையிடத்துக்குள் போய்விட்டது. அடுத்த தளம் போடும் நாளில் பெண்கள் பாண்டுகளைக் கீழே வைத்துவிட்டுத் தூளிப் பக்கம் போனார்கள். ஒருத்தி போனதும் எல்லாரும் போனார்கள். பால் கொடுத்துக்கொண்டே பாடினார்கள். அரை மணி நேரம்தான். கலவை இறுகிவிட்டது. பாதித் தளத்தை உடைத்துப் போட வேண்டியிருந்தது. அதுவரை எனக்குத் தெரியாது, அத்தனை பெரிய கட்டடம் ஐந்து மாதக் குழந்தைக்காக நிற்கும் என்று.

இரண்டு நாள் கழித்து மெட்ராஸிலிருந்து கான்ட்ராக்டரின் மேனேஜர் ஜீப்பில் வந்தார். என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவரை அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

"பேக்டரி திறந்தா டைம் ஆபீஸுக்கு ஒரு ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க. பர்மனன்ட் வேலை. உன் பேரைத்தான் சொல்லலாம்னு இருக்கேன். ஆமா, இந்தப் பாட்டு பாட்டுங்கறாங்களே, அது என்னப்பா?"

மிரட்டவில்லை. அடிக்கவில்லை. மிரட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். ஆர்வமாகத்தான் கேட்டார். அத்தனை நாள் யாரிடமும் காட்ட முடியாமல் வைத்திருந்ததைக் காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று என் மனசு குதித்தது. பதிவேட்டின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். ராகம் தெரியாது, வெறும் வாசிப்பு. கடலைப் பாட்டுக்கு அவர் சிரித்தார். "பலே, நல்லாக் கட்டியிருக்காளே" என்றார். ஓரத்தில் இருந்த பெயர்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நான் விளக்கினேன். முதல் வரி இவர், பின்பாட்டு இன்னின்னார், குரல் பெரியவள் கன்னியம்மா. ஏதோ ஆராய்ச்சி பண்ணியவன் மாதிரி விளக்கினேன்.

"பென்சில்ல எழுதியிருக்கே. அழிஞ்சிடும். இந்தப் பேர்களை மட்டும் மையில எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். பதினோரு பெயர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்.

பெயர்கள் எதற்கு என்று எனக்குத் தெரியாது என்று பல வருஷம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். பொய். நாலாவது பெயரை எழுதும்போதே தெரிந்துவிட்டது. கன்னியம்மா எட்டாவது. அவளை எழுதலாமா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தது நினைவிருக்கிறது. ஒரு பெயரை விட்டால் பட்டியல் முழுதாக இருக்காதே என்று எழுதினேன்.

மறுநாள் காலை கேட்டில் நான் பெயர் கூப்பிட்டேன். பதினோரு பெயரை விட்டுவிட்டுக் கூப்பிட்டேன். பின்னால் ஜீப்பில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கம்பெனி நிலத்தில் கொட்டகை போடக் கூடாது என்று நாலு ஆட்கள் பனையோலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். களி போட்டவர் தடுக்கவில்லை. களிப் பானையையும் குழம்புச் சட்டியையும் மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டுக்கு வந்து, உள்ளே போனவர்கள் யார், வெளியே நிற்பவர்கள் யார் என்று ஒருதரம் பார்த்தார்.

"எரநூறு பேருல பாடறதுங்கள மட்டும் பொறுக்கி நிறுத்திகீறாங்க. எங்ககூட இருந்து பாத்தவனுக்குத்தான் இது தெரியும்" என்றார் கன்னியம்மாவிடம். அப்புறம் என்னிடம் திரும்பினார். "எழுதினியா நைனா?"

"இல்லை" என்றேன்.

அவர் பாதி பிரிந்து கிடந்த கொட்டகைக்குள் போய் அந்தப் பாண்டைத் தேடி எடுத்து வந்தார். கேட்டுக்கு நேர் எதிரே, எல்லாரும் பார்க்கக் கவிழ்த்து வைத்தார். ஒரு தட்டில் முந்தின நாள் மிச்சமிருந்த களி உருண்டையை வைத்துக் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்தார். கருவாடும் கத்தரிக்காயும், எனக்குப் பிடித்தது.

"வா. குந்து. துன்னு. அவ்ளோதான் விசயம், முடிஞ்சிரும்."

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாவின் குழந்தைகூட, வீக்கம் வடியாத கண்ணால். பத்து அடி நடந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. "வேலை நேரம்" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் எவ்வளவு நேரம் தட்டோடு நின்றார் என்று தெரியாது. நான் நிமிர்ந்தபோது பாண்டு மட்டும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, சாயங்கால பாசஞ்சருக்காகப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். எதிர்ப் பக்கம் கூடைக்காரிகளும் கூலிப் பெண்களும் கூடூர் வண்டிக்கு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

வாயால பாடுன பாட்ட
வரிவரியா கட்டிப்போட்டு
துன்ன எடத்தக் காட்டிக் குடுத்து
தொரகிட்ட படிச்சது யாரு?

ஐந்தாவது வரியில் என் பெயர். இனிஷியலோடு போட்டிருந்தார், வேறு ஒருத்தன்மேல் பழி போய்விடக் கூடாது என்று. அப்புறம் வழக்கமான ஆறாவது வரி. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பாடியவர்களில் பாதிப் பேருக்கு அது நான்தான் என்று தெரியாது. நான் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன்.

அவர் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் போய் லாரிக்காரர்களுக்குக் களி போட்டார். பதினோரு பேரில் சிலர் அங்கேயே பாத்திரம் கழுவினார்கள், சிலர் மறுபடி நடவுக்குப் போனார்கள். எனக்கு பர்மனன்ட் ஆனது. டைம் ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே மேஜை. அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள், தின்றேன்.

கோவிந்தன் மேஸ்திரி அடுத்த வருஷமே எளாவூருக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான் என்று கேள்விப்பட்டேன். அடுத்த கட்டட வேலையில் தூளி கட்டுவதற்கென்று தனியாக ஒரு கொட்டகை போட்டு, எறும்பு ஏறாமல் சுற்றிலும் தண்ணீர் விடச் சொன்னானாம். அவன் பெயரை எடுத்துவிட்டார். முரடன், படிக்காதவன், அவனால் முடிந்தது.

நானும் ஒரு தடவை போனேன். எளாவூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டகை, லாரிகள், புகை. கருவாட்டு வாசனை இந்தப் பக்கம்வரை வந்தது. எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். கொட்டகையின் வாசலில் வரிசையின் கடைசியில் ஒரு இரும்புப் பாண்டு கவிழ்ந்திருந்தது. அது அதே பாண்டுதானா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியாது. அடுத்த மாதம் வரலாம் என்று திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அடுத்த மாதங்கள் ஒரு மூன்று வருஷம் ஓடின. கும்மிடிப்பூண்டிச் சந்தையில் கன்னியம்மாவைப் பார்த்தேன். கூட ஒரு சின்னப் பெண், காதோரம் லேசாகத் தழும்பு. ஒதுங்கப் பார்த்தேன், அவளே கூப்பிட்டாள்.

"சார், அவங்க பூட்டாங்க. மாசி மாசம். ஜுரம் வந்து நாலே நாளு."

நான் பக்கத்தில் இருந்த கீரைக்கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களத்தான் கேட்டுக்கினே இருந்தாங்க, அந்த நைனா வந்துச்சா வந்துச்சான்னு. பஸ்ஸு நின்னா எட்டிப் பாப்பாங்க."

"என் மேல அவ்வளவு கோபமா?"

"கோவமா? நீ இன்னா சார் படிச்ச?" கன்னியம்மாவுக்கு முதல் தடவையாகக் குரல் ஏறியது. "மேனேஜரு பேர ஏன் வைக்கலன்னு நாங்க கேட்டோம். அவரு வர மாட்டாரு, வர்றவனத்தான் கூப்ட முடியும்னாங்க. நீ வருவன்னுதான் ஒம் பேர வெச்சாங்க."

சந்தையில் அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்தது. அழுதால் எல்லாரும் பார்ப்பார்களே என்று அதையும் அடக்கிக்கொண்டேன். என் வெட்கம் எப்போதும் பிறர் பார்ப்பதைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது. கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப அந்தப் பேரை எடுக்க முடியாதா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதவே கூசுகிறது. ஒருவர் செத்த செய்தியைக் கேட்டு இரண்டு நிமிஷத்தில் நான் கேட்டது அது.

"வெச்சவங்கதான் எடுக்கணும் சார்" என்றாள் கன்னியம்மா, பழையபடி மெதுவாக. "எடுக்கறதுக்கு ஆள் இல்ல."

எழுபதுகள் முடியும் சமயம், ஆபீஸில் கூட வேலை செய்தவரின் கல்யாணத்துக்குப் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டி எங்கே, பள்ளிப்பட்டு எங்கே. திரும்பும்போது பஸ் பழுதாகி நின்றுவிட்டது. மத்தியான வெயில். ரோட்டோரம் நடவு நடந்துகொண்டிருந்தது. புங்கமரத்து நிழலுக்காகக் கிட்டே போனேன். தூளியும் தூணும் பாட்டு கேட்டது, ஐந்தாவது வரியில் 'ஊரு சனமே'. அப்புறம் கடலைப் பாட்டு, அதிலும் 'ஊரு சனமே'. மூன்றாவது பாட்டு என்னுடையது. அதில் மட்டும் ஒரு ஆளின் பெயர் இருந்தது, இனிஷியல் மாறாமல்.

கரையேறிச் சாப்பிட வந்தார்கள். வயதான ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "பஸ்ஸு ரிப்பேரா நைனா? பேஜாருதான். வா, குந்து, ஒருவாய் துன்னு" என்றார். தூக்குப் பாத்திரத்தில் களி, இலையில் கடலைத் துவையல்.

"இந்தப் பாட்டு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"கடல பறிக்கக் கும்முடிபூண்டி பக்கம் போனப்ப கத்துகினோம். யாரோ ஒருத்தனாம், சோறு போட்டவளயே எழுதிக் குடுத்தானாம். பாவம், இன்னம் வரலியாம் அவன்." களியை உருட்டி இலையில் வைத்துக்கொண்டே கேட்டார், "ஒம் பேரு இன்னா நைனா?"

சொல்லியிருக்கலாம். தெரிந்தவர் ஒருவரும் இல்லை, மேனேஜர் இல்லை, ஜீப் இல்லை. அவருடைய கை இல்லாவிட்டாலும் அதே களி, அதே துவையல். பெயரைச் சொல்லி உட்கார்ந்திருந்தால், எடுப்பதற்கு ஆள் இல்லை என்றாலும், வந்தான் என்றாவது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்கும்.

"கோவிந்தன்" என்றேன்.

உட்கார்ந்தேன். ஈர மண்ணில், அவர்களோடு ஒரே வரிசையில், அன்றுதான் முதல் தடவையாக. துவையலில் உப்பு சரியாக இருந்தது. "இன்னொன்னு வெச்சிக்கோ கோவிந்தா" என்று அந்த அம்மாள் இரண்டாவது உருண்டையையும் வைத்தார், அதையும் தின்றேன்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர்கள் மறுபடி வயலில் இறங்கினார்கள். நான் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பாட்டில் என் பெயரைச் சொல்லி, வந்து குந்து என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் நின்ற இடத்துக்கு நடந்தேன்.